கையேட்டைப் படித்தவர்கள்

ஜூன் மாதம் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை காலை, நகரின் வடக்கு ஓரத்துத் தொழிற்பேட்டையில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில், வீட்டு உபயோகத்துக்கான ஒரு சிறிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயருக்கு அதை வாங்கியவர்கள் கொடுத்திருந்த சராசரி மதிப்பீடு ஐந்துக்கு இரண்டு புள்ளி ஒன்பது என்று வெள்ளைப் பலகையில் எழுதப்பட்டது.

எழுதியவர் விற்பனை மேலாளர். எழுதி முடித்துவிட்டு, யாரும் கேட்காமலே, எண்ணுக்கு அடியில் ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோடு யாருக்காக இழுக்கப்பட்டது என்பது அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். மீட்டரம்மா பேனா மூடியைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மீட்டரம்மா என்பது தொழிற்கூடம் அவளுக்கு வைத்த பெயர். மற்றவர்களுக்குக் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் இடத்தில் அவளுக்கு மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டரின் கறுப்புச் சிவப்பு வயர்கள் தொங்கும். அந்த ஆம்ப்ளிஃபயரை வடிவமைத்தவள் அவள்தான். மூன்று வருடமாக அதையே கட்டிக்கொண்டு அழுதவள். விலை குறைந்த பெட்டி என்றால் காதைக் குடையும் சத்தமும் கண்ணைக் குத்தும் விளக்கும்தான் என்று எவன் விதித்தான் என்பது அவளுடைய வாதம். அதனால் அவள் செய்த பெட்டியில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரே ஒரு திருகு, ஒரே ஒரு சுவிட்ச். மினுக்கும் விளக்கு இல்லை. பூஸ்டர் என்று எழுதிய பொத்தான் இல்லை. பாட்டில் என்ன இருக்கிறதோ அது வெளியே வரும், அவ்வளவுதான்.

அந்த அவ்வளவுதான் விற்பனை மேலாளருக்கு முதலிலிருந்தே தொண்டையில் இறங்கவில்லை. இந்த மாதக் கடைசிக்குள் எண் மூன்றரையைத் தொடவில்லை என்றால் இந்த மாடலை மூடிவிட்டு, பழைய பெட்டியையே பூஸ்டரும் நீல விளக்கும் வைத்து மறுபடி இறக்கிவிடலாம் என்றார். முதலாளி தலையை ஆட்டினார். அவர் எதற்கும் அப்படித்தான் ஆட்டுவார். ஆனால் இந்த முறை ஆட்டிய தலை சட்டென்று நிற்கவில்லை. மாடல் மூடப்பட்டால் மீட்டரம்மா பழையபடி கீழ்த்தளத்துப் பழுதுபார்க்கும் மேசைக்குப் போக வேண்டியதுதான். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கீழ்த்தளத்தில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது என்று மட்டும் மேலாளர் வேறு ஏதோ பேச்சோடு பேச்சாகச் சொல்லிவைத்தார்.

வாங்கியவர்களின் கருத்துக்களுக்குப் பதில் எழுதுவதும் அவள் தலையில்தான் கட்டப்பட்டிருந்தது. அதற்கென்று தனியாக ஆள் வைக்க முதலாளிக்கு மனம் வரவில்லை. "நீ பெத்த பிள்ளைம்மா. ஊர்ல எவனாவது குறை சொன்னா நீதானே போய்க் கேக்கணும்" என்று சிரித்துக்கொண்டே ஒப்படைத்துவிட்டார்.

கேட்கப் போனவள் நொந்துபோனாள். ஒருவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார்: பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை, ஆனால் கனமாக இருக்கிறது, அதனால் நல்ல பொருளாகத்தான் இருக்கும். இன்னொருவர் ஒரு நட்சத்திரம்: கொண்டுவந்தவர் காலிங் பெல் அடிக்காமல் வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மூன்றாமவர், எனக்குப் பிடிக்கவில்லை, மனைவிக்குப் பிடித்திருக்கிறது, எனவே மூன்று நட்சத்திரம் என்று வீட்டுச் சமாதானத்தைக் கணக்கில் எடுத்திருந்தார். இவற்றையெல்லாம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிடுவாள். உங்கள் கருத்துக்கு நன்றி என்ற மூன்று வார்த்தையை விரல் தானாகவே அடித்துவிடும்.

தாண்ட முடியாதவை வேறு. "தாளம் எங்கே போனது?" "பாடுகிறவர் எங்கள் துணி அலமாரிக்குள் நின்றுகொண்டு பாடுவது போல் இருக்கிறது." "நடுவில் உட்கார்ந்தால் பாட்டு தலைக்குப் பின்னால் கேட்கிறது, எழுந்து போனால் நன்றாக இருக்கிறது. நான் எழுந்து போவதற்கா பணம் கொடுத்தேன்?" இவர்கள் எல்லோரும் நிதானமாக, முழு வாக்கியத்தில், புள்ளி வைத்து எழுதுகிற மனிதர்கள். அதே வாரத்தில், அதே பெட்டிக்கு, "செம சவுண்டு, வீடே அதிருது" என்று எழுதிவிட்டுப் போனவர்களும் இருந்தார்கள். அவர்களுடைய எழுத்தைப் பார்த்தால் பெட்டியை நேராக வைத்தார்களா தலைகீழாக வைத்தார்களா என்பதே சந்தேகமாக இருந்தது. ஒரே பெட்டி எப்படி ஒருவருக்கு அதிரும், இன்னொருவருக்கு அலமாரிக்குள் போகும்? முதலில் வெளிவந்த சரக்குக்கு இந்தத் தகராறே இல்லை என்பது அவளை இன்னும் படுத்தியது. வசந்தம் வரைக்கும் எண் நாலுக்கு மேல் நின்றது. பிறகுதான் சரிவு.

திரும்பி வந்த பெட்டிகளை அவள் மேசையில் வைத்துச் சோதிப்பாள். சோதனை அறையின் வயரை மாட்டி, சோதனை அறையின் ஸ்பீக்கரில் போட்டால், பிள்ளை பத்தரை மாற்றாகப் பாடும். பழுதே இல்லாத பெட்டியை எத்தனை முறைதான் பழுதுபார்ப்பது? கடைசியில் ஒரு பதிலை உருப்போட்டுவைத்தாள். தயவுசெய்து கையேட்டில் உள்ள படத்தின்படி ஸ்பீக்கர்களை அளந்து வைத்து, வயர்களை நிறம் பார்த்துப் பொருத்தவும். புகார் சொன்ன அத்தனை பேருக்கும் அதையே அனுப்பினாள். அதற்குப் பலன் இருந்தது. மூன்று நட்சத்திரம் கொடுத்திருந்த சிலர் திரும்பி வந்து, நீங்கள் சொன்னபடியே செய்தோம், முன்பைவிட மோசம் என்று எழுதி ஒன்றாகக் குறைத்துவிட்டுப் போனார்கள். அன்றைக்கு அவள் கணினியை மூடிய வேகத்தில் பக்கத்து மேசைக்காரர் தேநீரைச் சிந்திவிட்டார்.

பலகையில் எண் எழுதப்பட்ட அந்த வார ஞாயிற்றுக்கிழமை மதியம் நாத்தனார் வீட்டில் சாப்பாடு. நாத்தனார் தையல்காரி. மீட்டரம்மாவின் தெருக்கோடியிலேயே வீடு, முன்னறையில் தையல் மிஷின். கணவன் வெளியூர் போயிருந்ததால் மீட்டரம்மா தனியாகத்தான் போனாள். கொழுந்தன் அவளுக்கு முன்பே வந்து, கை கழுவி, தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். அவன் நில அளவையாளன். சட்டைப் பையில் எப்போதும் ஒரு அளவு நாடா இருக்கும். ஓட்டலில் மேசை கோணலாக இருந்தால்கூடச் சாப்பிட மாட்டான் என்று வீட்டில் கேலி செய்வார்கள். இரண்டு பேர் வீட்டிலும் அவள் செய்த ஆம்ப்ளிஃபயர் இருந்தது. குடும்பத்துக்கு அவளே வாங்கிக்கொடுத்தது.

சாப்பாட்டுக்கு நடுவில் கொழுந்தன் கேட்டான், "அண்ணி, உங்க கம்பெனியில பதில் எழுதுறது யாரு?"

அவள் யாரோ ஒருத்தி என்றாள்.

"அந்த யாரோ ஒருத்திகிட்ட சொல்லுங்க. வாழ்நாள் பூரா அளந்தே சோறு திங்குறவனப் பாத்து, சரியா அளந்து வைங்கன்னு எழுதியிருக்கா."

'நேர்கோடு' என்ற பெயரில் இரண்டு நட்சத்திரம் போட்டு, ஸ்பீக்கரிலிருந்து ஸ்பீக்கருக்கு இவ்வளவு, ஸ்பீக்கரிலிருந்து காதுக்கு இவ்வளவு என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்த ஆளை அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. எவன்டா இந்த வேலையத்தவன் என்று அலுவலகத்தில் வாய்விட்டுக் கேட்டும் இருந்தாள்.

"நீயா அது? வீட்டு ஆளுன்னா நேர்ல வந்து சொல்ல மாட்டியா? ஊர் முழுக்கப் படிக்கிற இடத்துல போய் ரெண்டு நட்சத்திரம் போடுவியா?"

"நேர்ல சொன்னா நீங்க கோவப்படுவீங்க அண்ணி."

"இப்ப மட்டும் என்ன, கொஞ்சிக்கிட்டா இருக்கேன்?"

நாத்தனார் இரண்டு பேரையும் அடக்கினாள். பிறகு தன் பங்குக்குத் தம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவள் வீட்டில் அதே பெட்டி பிரமாதமாகப் பாடுகிறது, அடுப்படியில் நின்றால் அடுப்படியில் கேட்கிறது, மிஷினில் உட்கார்ந்தால் மிஷினுக்குப் பக்கத்தில் கேட்கிறது, அவளே ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறாள், இவனுக்கு மட்டும் என்ன வந்தது என்றாள். எந்த நல்ல பொருளைக் கொடுத்தாலும் அதில் கோணல் கண்டுபிடிப்பது இவனுக்குப் பிறவிக் குணம் என்றாள். கொழுந்தன் சோற்றுக் கையை நீட்டி, அக்கா ஒரு ஸ்பீக்கரை அடுப்படியிலும் இன்னொன்றைத் தையல் அறையிலும் வைத்திருக்கிறாள், அதற்குப் பேர் ஸ்டீரியோவா என்று கேட்டான். கையேட்டில் அப்படியா போட்டிருக்கிறது என்று அண்ணியையே சாட்சிக்கு இழுத்தான். கையேட்டைத் தானும் படித்ததாகவும், நூல் நிறம் பார்த்துக் கோக்கிறவளுக்கு வயர் நிறம் பார்க்கத் தெரியாதா என்றும் நாத்தனார் சொன்னாள்.

சாப்பிட்டு முடித்ததும் அவன் வழக்கைத் தீர்த்துவிடுவது என்று கிளம்பினான். அக்காவின் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் அடுப்படி ஸ்பீக்கரைக் கழற்றித் தையல் அறைக்குக் கொண்டுவந்தான். நாடாவை எடுத்தான். வெட்டிப்போட்டிருந்த துணிகளை ஒதுக்கி, இரண்டு ஸ்பீக்கரையும் ஒரே உயரத்தில், சுவரிலிருந்து ஒரே தூரத்தில் வைத்து, நிறம் பார்த்து வயரை மாட்டினான். எதிரே ஒரு நாற்காலி. அண்ணியை அதில் உட்காரச் சொன்னான். பாட்டைப் போட்டான்.

மீட்டரம்மா முதல் வரியிலேயே நிமிர்ந்தாள். சாப்பிடும்போது அடுப்படியிலிருந்து பெரிதாக வந்துகொண்டிருந்த தாளம் எங்கோ வடிந்து போயிருந்தது. பாடகரின் குரல் இடப்பக்கமும் இல்லை, வலப்பக்கமும் இல்லை, எதிரிலும் இல்லை. தலைக்குப் பின்னால் எங்கோ நின்றது. துணி அலமாரிக்குள் என்று ஒருவர் எழுதியிருந்தாரே, அதேதான்.

"நல்லா பாடிக்கிட்டிருந்ததப் பாழாக்கிட்டானே" என்று நாத்தனார் தலையில் கைவைத்தாள். "எடுடா. பழைய இடத்துல கொண்டுபோய் வை."

கொழுந்தன் ஜெயித்தவன் முகத்தோடு நின்றான். மீட்டரம்மா எழுந்துபோய் ஒரு ஸ்பீக்கரை இரண்டு கையாலும் தூக்கி வாசலுக்கு வெளியே வைத்தாள். தாளம் திரும்பி வந்தது. உள்ளே கொண்டுவந்து மற்றதன் பக்கத்தில் வைத்தாள். மறுபடி வடிந்தது. மூன்றாவது முறை அவள் தூக்கவில்லை. ஸ்பீக்கரின் பின்புறம் குனிந்து, செம்பு நிறக் கம்பியைச் சிவப்பு முனையிலிருந்து பிடுங்கிக் கறுப்பு முனையிலும், வெள்ளி நிறக் கம்பியைக் கறுப்பிலிருந்து பிடுங்கிச் சிவப்பிலும் மாட்டினாள். மிஷின் மேசையில் இருந்த கத்தரிக்கோல் அதிர்ந்தது. பாடகர் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், சரியாக எதிரே வந்து நின்றார்.

நாத்தனார் கேட்டாள், "என்னம்மா பண்ணின?"

அவள் சொன்னாள். ஸ்பீக்கரின் கூம்பு காற்றைத் தள்ளும், இழுக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் தள்ள வேண்டும். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் கம்பி இடம் மாறினால், இது தள்ளும்போது அது இழுக்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இது கொடுக்கும் தாளத்தை அது விழுங்கிவிடும். வேறு வேறு அறையில் வைத்தால் ஒன்றின் வாயில் ஒன்று விழாது, யாருக்கும் தெரியாது. சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றுவிட்டாள். நாத்தனார் கம்பியை மாற்றி மாட்டவில்லையே. தம்பியும் மாற்றவில்லை. செம்பு நிறம் சிவப்பு முனைக்கு என்று கையேட்டில் போட்டிருப்பதை இரண்டு பேரும் அட்சரம் பிசகாமல்தானே செய்திருக்கிறார்கள்?

ஆம்ப்ளிஃபயர் பக்கத்து முனைகளைப் பார்த்தாள். அந்தப் பக்கம் வயரின் நுனியில் சிவப்பு, கறுப்பு பிளக்குகளைத் தொழிற்கூடமே மாட்டி அனுப்புகிறது. இடது என்று ஒட்டியிருந்த வயரில் சிவப்பு பிளக் செம்புக் கம்பியில் இருந்தது. வலது என்று ஒட்டியிருந்ததில் சிவப்பு பிளக் வெள்ளிக் கம்பியில் இருந்தது.

"உன் வீட்டுச் சாவியக் குடு" என்றாள் கொழுந்தனிடம்.

அவன் வீட்டுப் பெட்டியிலும் அதேதான். இடது சரி, வலது தலைகீழ். ஒன்றில் தப்பு வந்தால் கைத்தவறு. இரண்டிலும் ஒரே பக்கத்தில் வந்தால் அது கைத்தவறு இல்லை. தெருவில் திரும்பி நடக்கும்போது அவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. கையேட்டைப் படியுங்கள், கையேட்டைப் படியுங்கள் என்று எத்தனை பேருக்கு எழுதினோம் என்பதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலை அவள் இரண்டாம் மாடிக்கு ஏறாமல் நேரே பேக்கிங் பகுதிக்குப் போனாள். நீளமான மேசை. மேசைக்கு ஒரு பக்கம் ஜன்னல். மேசையின் இரண்டு முனைகளிலும் எதிரெதிரே பார்த்தபடி இரண்டு பெண்கள். நடுவில் ஒரு தட்டில், வெட்டிய வயர்கள் ஒருவரிடமிருந்து மற்றவரை நோக்கி நீட்டமாக அடுக்கப்பட்டிருந்தன. இந்த முனையில் இருப்பவள் இடது வயர் செய்வாள், அந்த முனையில் இருப்பவள் வலது வயர் செய்வாள். முன்பு ஒருத்தியே இரண்டையும் செய்துகொண்டிருந்தாள். வேலை நகரவில்லை என்று வசந்தத்தில் விற்பனை மேலாளர் வந்து இப்படிப் பிரித்துவிட்டார் என்று மூத்தவள் சொன்னாள்.

"எந்தக் கம்பிக்குச் சிவப்பு மாட்டணும்னு சொன்னாரு?"

"வலது கைப் பக்கம் வர்ற கம்பிக்கு. இங்க என் பின்னாடி நின்னுதான் காட்டினாரு."

"அங்க போய் நின்னு காட்டினாரா?"

"அங்க எதுக்கு? அவளுக்கும் கேட்டுச்சே."

எதிர்முனையில் இருந்தவள் வேலையை நிறுத்தாமலே ஆமாம் என்றாள். மீட்டரம்மா தட்டைப் பார்த்தாள். எல்லா வயரிலும் செம்புக் கம்பி ஜன்னல் பக்கம் இருந்தது. இந்த முனையில் உட்கார்ந்தால் ஜன்னல் வலது கைப் பக்கம். மேசையைச் சுற்றி நடந்துபோய் அந்த முனையில் நின்றாள். ஜன்னல் இடது கைப் பக்கம். இரண்டு பெண்களும் சொன்னதைச் சொன்னபடி, மாதக்கணக்காக, ஒரு வயரில்கூடப் பிசகாமல் செய்துவந்திருந்தார்கள். வயர் அறுந்திருக்கிறதா, ஒன்றோடு ஒன்று ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் சோதனைப் பெட்டி எல்லாவற்றுக்கும் பச்சை விளக்கு போட்டிருந்தது. திரும்பி வந்த பெட்டிகளோடு இந்த வயர் ஒருபோதும் வரவில்லை, அது அவரவர் வீட்டு ஸ்பீக்கரிலேயே தங்கிவிட்டது. அதனால் இந்தப் பிழை சோதனை மேசையிலும் அகப்படவில்லை.

அவள் யாரையும் திட்டவில்லை. திட்டுவதற்கு அங்கே ஆள் இல்லை என்பதுதான் அவளை வதைத்தது.

முதலாளி அறையில், பேக்கிங் மேசையிலிருந்து அப்படியே எடுத்த ஒரு பெட்டியை வைத்துப் பாட்டுப் போட்டுக் காட்டினாள். கம்பியை மாற்றி மறுபடி காட்டினாள். முதலாளி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். விற்பனை மேலாளர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். தான் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை, வலது என்றால் வலதுதானே என்றார்.

முதலாளி கண்ணைத் திறந்தார். "அப்ப கையேட்டப் படிச்சவங்கதான் மாட்டிக்கிட்டாங்களா?"

"ஆமா சார்."

"படிக்காம மாட்டினவங்க?"

"பாதிப் பேர் தப்பிச்சிருப்பாங்க. ஸ்பீக்கர ஆளுக்கொரு ரூம்ல வெச்சவங்க எல்லாருமே தப்பிச்சிட்டாங்க."

முதலாளி பெட்டியோடு வந்த கையேட்டை எடுத்துப் புரட்டினார். "அப்ப பெட்டியில கையேடு வைக்கிறத நிறுத்திட்டா என்ன?"

வேடிக்கைக்குக் கேட்கிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தாள். வேடிக்கைக்குக் கேட்கவில்லை. அவளுக்கு இருந்த பொறுமையின் கடைசிச் சொட்டும் அந்த அறையிலேயே செலவாகிவிட்டது. கையேட்டில் பிழை இல்லை, வயரில்தான் பிழை, வயரைச் சரிசெய்தால் போதும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பது போல மூன்று முறை சொன்னாள். மூன்றாவது முறை முதலாளியின் தலை ஆடியது.

அன்று மாலைக்குள் பேக்கிங் மேசையில் இரண்டு நாற்காலிகளும் ஒரே பக்கம் போடப்பட்டன. செம்புக்குச் சிவப்பு என்று கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு ஒரு செய்தி எழுதினாள். இரண்டு ஸ்பீக்கரையும் அருகருகே வைத்துப் பாட்டுப் போட்டுப் பாருங்கள், தாளம் குறைவாக இருந்தால் மட்டும் ஏதாவது ஒரு ஸ்பீக்கரில் இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றி மாட்டுங்கள், நன்றாக இருந்தால் எதையும் தொடாதீர்கள். விற்பனை மேலாளர், மக்கள் இவ்வளவு நீளமாகப் படிக்க மாட்டார்கள் என்று, ஒரு ஸ்பீக்கரில் கம்பிகளை இடம் மாற்றி மாட்டவும் என்ற ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டி அனுப்பிவிட்டார். அவளுக்குத் தெரிந்தபோது செய்தி போய்ச் சேர்ந்திருந்தது.

துணி அலமாரிக்காரர் முதல் ஆளாக வந்து ஐந்து நட்சத்திரம் போட்டார். நடுவில் உட்கார்ந்தவர் இனி எழுந்து போகவில்லை என்று எழுதினார். அதுவரை வீடே அதிருது என்று எழுதியிருந்தவர்களில் சிலர், நன்றாக இருந்ததை மாற்றச் சொல்லிக் கெடுத்துவிட்டீர்கள் என்று எழுதினார்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் மீட்டரம்மா தனித்தனியாகப் பதில் எழுதினாள். நன்றி என்ற சொல் அந்தப் பதில்கள் எதிலும் இல்லை. நாத்தனார் போன் செய்து, என்னமோ மாற்றச் சொல்லி மெசேஜ் வந்தது, நான் மாற்றவில்லை, உங்கள் கம்பெனிக்காரர்களுக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்டாள்.

'நேர்கோடு' தன் மதிப்பீட்டை இரண்டிலிருந்து நான்காக உயர்த்தினான். பதில் எழுதியவரின் தொனிக்காக ஒரு நட்சத்திரம் குறைக்கப்பட்டிருக்கிறது என்று அடியில் குறிப்பிட்டிருந்தான்.

ஜூன் மாதக் கடைசி வேலைநாளில் வெள்ளைப் பலகையில் மூன்று புள்ளி நான்கு என்று எழுதப்பட்டது. மூன்றரையைத் தொடவில்லை, ஆனாலும் எண் ஏறுகிறதே என்று முதலாளி மாடலை மூடவில்லை. மீட்டரம்மா இரண்டாம் மாடியிலேயே இருக்கிறாள். அடுத்து வெளிவந்த சரக்கில் திருகுக்குப் பக்கத்தில் ஒரு நீல விளக்கு சேர்க்கப்பட்டிருந்தது.